ஆரத்தித் தண்ணீரும் அலுமினியச் சாம்பலும்

முதலாளி அவர்களே, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். ஆரத்தித் தண்ணீரில் மோப்பம் ஆசிட் கலந்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறீர்களே, அது கலப்படமில்லாத பொய்.

மோப்பத்தைப் போலத் தொல்லை பிடித்த ஆளைக் கள்ளக்குறிச்சி மாவட்டம் கண்டதில்லை. அதை நானே ஒப்புக்கொள்கிறேன். பழைய அலுமினியத்தை உருக்கும் உங்கள் தொழிற்சாலையில் அவனோடு ஒரே உலையில் எட்டு வருடம் வெந்தவன் நான். எதையும் முகராமல் விடமாட்டான்; அந்தப் பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். சின்னசேலம் பஸ்ஸில் ஏறியதும் மூக்கைத் தூக்கி, "மூணாவது சீட்டு அம்மா, கருவாடு எடுத்துக்கினு போறீங்களா?" என்பான். என் கல்யாணத்தில் வாழ்த்த மேடையேறியவன், மாலையை முகர்ந்து, "நேத்துப் பூவுடா இது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

உலையில் மிதக்கும் கசடை வழித்து, அலுமினியத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் சாம்பலைப் பின்பக்கம் கொட்டினீர்கள். அதைக் கண்டுபிடித்ததும் அந்த மூக்குதான். ஈரம் பட்டால் அந்தச் சாம்பல் சூடேறும், அம்மோனியா கக்கும். மூடிய தொட்டியில் தண்ணீர் விட்டு, வாயுவைப் பிடித்து, உப்பைப் பிரித்தெடுக்க வேண்டிய சரக்கு அது. நீங்கள் தார்ப்பாய் போட்டீர்கள். அந்தச் சாம்பல் மேட்டுக்குக் கீழே எங்கள் தெருவின் குடிதண்ணீர்க் கிணறு. ஒரு பெருமழை போதும், எல்லாம் உள்ளே இறங்கிவிடும்.

நம் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. யூரியா வாடை வருகிறதே என்று நைனார்பாளையத்துக்காரர் ஒருவர் ஒரு டிராக்டர் சாம்பலை அள்ளிப்போய்க் கரும்புக்குப் போட்டார். கரும்பு கருகியது. மோப்பம் வரப்பில் நின்று கத்தினான்: "நாத்தம் அடிச்சா யூரியாவா? அப்போ பஸ் ஸ்டாண்டு கக்கூஸ்ல நாலு மூட்டை அள்ளிக்கினு வாய்யா!"

அடுத்து உங்கள் கழிவு சுத்திகரிப்புக் கூடத்தின் திறப்பு விழா. நாலு தூண், தகரக் கூரை, ஒரு போர்டு. தொட்டி இல்லை, குழாய் இல்லை. அதே சாம்பல் மேடுதான் கூரைக்குள்ளே கிடந்தது. திறந்து வைக்க வந்த அதிகாரிக்கு ஆரத்தி எடுக்க எங்கள் தெருப் பெண்களை அழைத்தீர்கள். மோப்பத்தின் மனைவி ஸ்டெல்லா தட்டைச் சுற்றி முடித்து, தண்ணீரை எங்கே கொட்டுவது என்று தேடினாள்.

"கால் படாத எடத்துல ஊத்தணும்டி. அதோ, அந்த மேட்டுல ஊத்து" என்றான் மோப்பம்.

ஊற்றினாள்.

அதிகாரி மைக்கைப் பிடித்தார். "இங்கே எந்த வாடையும்..."

மேடு சீறியது.

"வாடையும்..." அதற்கு மேல் இருமல்தான். மாலையும் கழுத்துமாக அவர் அழுத அழுகையை எங்கள் ஊர் எழவு வீட்டில்கூடப் பார்த்ததில்லை. ஓட்டத்தில் முதலிடம் உங்களுக்கு, முதலாளி. மோப்பம் மட்டும் நின்ற இடத்தில் நின்றபடி கேட்டான்: "இன்னா சார், ஆனந்தக் கண்ணீரா?"

மறுநாளே அவனை வேலையை விட்டு நிறுத்தினீர்கள். அதன் பிறகுதான் இந்த ஆசிட் கதை. வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. மேடு அங்கேயே இருக்கிறது.

அவனைத் திட்ட எங்களுக்கு உரிமை உண்டு. கூடவே வெந்தவர்கள், கூடவே தின்றவர்கள். உங்களுக்கு அந்த உரிமை இல்லை. அடுத்த கிராம சபைக்கு வாருங்கள். ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்து, அவள் கரைத்த தண்ணீரில் என்ன இருந்தது என்று ஊர் கேட்கச் சொல்லுங்கள். மழைக்கு முன் அந்த மேட்டை எங்கே கொண்டுபோவீர்கள்? அதையும் அங்கேயே சொல்லுங்கள்.