எபிசோடுக்குக் கீழே பத்து வரி எழுதாத மாப்பிள்ளைக்கு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் எழுதிக்கொண்டது.

முதலில் நலம் விசாரிப்பதுதான் முறை என்பதால் விசாரித்துவிடுகிறேன். நீங்களும் என் மகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கென்ன குறை? இங்கே நான் சுகமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, காரணம் நீங்கள். மாப்பிள்ளையைக் குறை சொல்லி மாமனார் கடிதம் எழுதலாமா என்று இரண்டு முறை பேனாவை மூடி வைத்தேன். கோபம் அடங்கும் என்று பார்த்தால் பேனா மைதான் காய்கிறது. ஆகவே மரியாதைக்கு ஒரு குறையும் வராமல் கேட்கிறேன்: அந்த பாட்காஸ்ட் எபிசோடுக்குக் கீழே பத்து வரி எழுதிப் போடுவதில் உங்களுக்கு என்ன கேடு? மன்னிக்கவும், கை முந்திக்கொண்டது. என்ன சிரமம் என்று படித்துக்கொள்ளவும்.

போன மாதம் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அந்தச் சின்ன அறையில் என்னை உட்காரவைத்து, மூக்குக்கு நேரே மைக்கை நீட்டி, "மாமா, ஆயுசு பூரா லிஃப்ட் மெக்கானிக்கா இருந்துட்டீங்க. மனசுல இருக்கறதை எல்லாம் பேசுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். சத்தம் வரும் என்று ஃபேனைக்கூட நிறுத்திவிட்டீர்கள். நானும் வேர்த்துக் கொட்டக் கொட்ட ஒன்றரை மணி நேரம் பேசினேன். பிறகு நீங்கள் இரண்டு நாள் உட்கார்ந்து என் இருமலையெல்லாம் பொறுக்கி எடுத்தீர்கள் என்று மகள் பெருமையாகச் சொன்னாள். இருமலைப் பொறுக்க இரண்டு நாள் இருக்கிறது உங்களுக்கு! ஆனால் வெளியிடும்போது என்ன செய்தீர்கள்? தலைப்பு, "மனம் திறந்து ஓர் உரையாடல்". யாருடைய மனம், எதற்காகத் திறந்தது? அதற்குக் கீழே ஒரு வரி கிடையாது. பேசுகிறவன் லிஃப்ட் மெக்கானிக்கா, எலி பிடிக்கிறவனா என்பதற்குக்கூட ஒரு சொல் இல்லை. எந்த நிமிடத்தில் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றும் இல்லை. துடைத்து வைத்த மாதிரி காலி. போன் செய்து கேட்டதற்கு, "எல்லாத்தையும் கீழ எழுதிட்டா அப்புறம் யாரு மாமா கேப்பாங்க? பொறுமையா முழுசா கேக்கறவங்க கேக்கட்டும்" என்று சிரித்தீர்கள். மாப்பிள்ளை, இருபது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பட்டன் எதிலும் எண் போடாமல், "ஏறினவங்க எல்லா மாடியையும் பொறுமையா பாக்கட்டும்" என்று நான் விட்டிருந்தால் என் தோலை உரித்திருப்பார்கள். நீங்கள் சிரிக்கிறீர்கள்.

அதில் நான் என்ன பேசினேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். என்னை விட்டால் உலகத்தில் உங்களுக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது, அதுதான் இப்போது என் தலைவலி. "நீங்க எவ்வளவு பெரிய ஆளா வந்திருக்கலாம், ஏன் மாமா வரல?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டீர்கள். நானும் சூடாக, "எல்லாம் உங்க அத்தையாலதான். கம்பெனி என்னை வெளிநாட்டுக் கிளைக்கு சூப்பர்வைசரா அனுப்ப ஆர்டரே குடுத்துடுச்சு. போகவே கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னா. என் வாழ்க்கையையே முடக்கிட்டா" என்றேன். சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதோடு நிறுத்தினேனா? லிஃப்டைத் தூக்குகிற கம்பி வடத்தைப் பற்றி, கிரீஸைப் பற்றி, லிஃப்டில் மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு, நீங்கள் கேட்காமலேயே நானாக அந்தப் பேச்சுக்குத் திரும்பி வந்தேனா இல்லையா? நான் கப்பல் ஏறியிருக்க வேண்டிய அதே மாதத்தில்தான் உங்கள் மனைவி, அப்போது கைக்குழந்தை, காய்ச்சல் கண்டு வெட்டி வெட்டி இழுத்தாள். வண்டி ஒன்றும் கிடைக்காமல் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். "அவ பேச்சை மீறிப் போயிருந்தா சம்பளம் வந்திருக்கும், பொண்ணு இருந்திருக்க மாட்டா. லிஃப்டுல எல்லாரும் மோட்டாரைத்தான் மெச்சுவாங்க. உசுரைக் காப்பாத்தறது பிரேக்கு. எங்க வீட்டுக்கு அவதான் பிரேக்கு" என்றேன். இதை நான் உங்கள் அத்தையிடம் இன்றுவரை நேரில் சொன்னதில்லை. எனக்கு வாய் வராது. மைக்கிடம் சொல்லிவைத்தால் அவள் காதுக்குப் போய்ச் சேரும் என்றுதான் அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வெளியான அன்று காலை, உங்கள் அத்தை போனைச் சமையலறையில் உப்பு ஜாடிமேல் சாய்த்துவைத்து, சத்தமாகப் போட்டுக் கேட்டாள். நான் கூடத்தில் பேப்பருக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். "என் வாழ்க்கையையே முடக்கிட்டா" என்ற இடம் வந்தது. டக்கென்று சத்தம் நின்றது. அவ்வளவுதான், அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. தட்டைப் போட்டுவிட்டு, உங்கள் ஊருக்கு உங்கள் மனைவிக்குப் போன் செய்கிறாள். உங்கள் மனைவி அங்கிருந்து எனக்குப் போன் செய்து, "அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க" என்கிறாள். இரண்டு போனும் ஒரே மேஜைமேல் இருக்கின்றன, மாப்பிள்ளை! நானும் மகள் வழியாகவே, "மிச்சத்தையும் கேட்கச் சொல்லும்மா, பின்னாடி நல்லதா சொல்லியிருக்கேன்" என்று சொல்லி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "எந்த இடத்துலன்னு அம்மா கேக்கறாங்கப்பா." எந்த இடத்தில் என்று நான் எதைப் பார்த்துச் சொல்வேன்? நீங்கள்தான் ஒரு எழுத்துகூடப் போடவில்லையே!

சரி, நாமே தேடிவிடலாம் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்பேனர் பிடித்துத் தடித்த விரல் இது. போனில் பேச்சு ஓடுவதைக் காட்டுகிற அந்தக் கோட்டின்மேல் மயிரிழை நகர்த்தினால் கால் மணி நேரம் தாண்டி விழுகிறது. ஒருமுறை மெத்தை விளம்பரத்தில் விழுந்தேன். பின்னால் நகர்த்தினால் கிரீஸ், முன்னால் நகர்த்தினால் நீங்கள் "ஆஹா, ஆஹா" என்கிறீர்கள். எதற்கு ஆஹா என்று தெரிந்துகொள்ளப் பின்னால் நகர்த்தினால் மறுபடியும் மெத்தை. நீங்கள் பொறுக்காமல் விட்ட ஒரே ஒரு இருமலிலும் போய் விழுந்தேன். எல்லாம் அகப்பட்டது, அந்த இடம் மட்டும் அகப்படவில்லை.

இதற்கிடையில் என் மைத்துனர் காதுக்குச் செய்தி போய்விட்டது. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் குடும்பத்தில் எல்லோரும் அவரைக் கோர்ட்டார் என்போம், தெரியுமல்லவா. "என் தங்கச்சியை ஊரறிய அவமானப்படுத்திட்டீங்க மச்சான்" என்று குதித்தார். "பின்னாடி புகழ்ந்திருக்கேன், கேட்டுட்டுப் பேசுங்க" என்றேன். நியாயமான மனிதர், கேட்கிறேன் என்று உட்கார்ந்தார். எங்கே இருக்கிறது என்று தெரியாததால் வரிசையாகக் கேட்டிருக்கிறார். கம்பி வடத்துக்கு வந்ததும் தூங்கிவிட்டார். தூங்கும்போதே என் எபிசோடு முடிந்து, உங்களுடைய அடுத்த எபிசோடு தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. அதில் நீங்கள் பேட்டி எடுத்திருப்பது யாரை? விவாகரத்து வக்கீலை! கோர்ட்டார் கண் விழிக்கும்போது காதில் விழுந்தது, "வயசான காலத்துல பிரியறதுல தப்பே இல்ல" என்ற குரல். நானே வக்கீலைக் கூட்டிவந்து பேசவைக்கிறேன் என்று நினைத்து, அரைத் தூக்கத்தில் எழுந்து, தன் வீட்டுப் பின்னறையைத் தங்கைக்காக ஒழித்துவைக்கச் சொல்லிவிட்டார். அவர் மகன் அங்கிருந்த சைக்கிளை வெளியே எடுத்து நிறுத்தியும் ஆகிவிட்டது. விஷயம் அந்த அளவுக்குப் போயிருக்கிறது. உங்கள் அத்தை கிளம்பிப் போய்விட்டால் நீங்களா வந்து எனக்குத் தட்டு போடுவீர்கள்?

பல் டாக்டர் கதை இன்னும் மோசம். எங்கள் தெருக்கோடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் கிளினிக் வைத்திருக்கிறார். அவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். வெளியிலிருந்து வாட்ச்மேன், "சார், அந்த மெக்கானிக் பெரியவர் இதுக்கெல்லாம் வழி சொல்லியிருக்காராம், போன்ல போட்டுக் கேளுங்க" என்று கத்தியிருக்கிறார். படித்த மனிதர், உள்ளே நின்றபடியே தேடிப் பிடித்துவிட்டார். வழி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே நேரே அங்கே போவார்? ஆரம்பத்திலிருந்து கேட்டார். கதவைத் திறந்து அவரை வெளியே எடுத்தபோது, மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பது அவருக்குத் தெரியவில்லை. உங்கள் அத்தை என் வாழ்க்கையை முடக்கியது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. மறுநாள் நான் கடைவாய்ப் பல்லைக் காட்டப் போனேன். நாற்காலியில் சாய்த்து, வாயைப் பிளக்கவைத்து, உள்ளே கண்ணாடியை விட்டுக்கொண்டே, "உங்க வீட்டம்மா பாவம் சார். நீங்க அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். நான் "ஆ" என்றேன். "ஒத்துக்கறீங்கல்ல, அது போதும்" என்றார். உதவிக்கு நின்ற நர்ஸும் தலையை ஆட்டினார். வாயில் கையை வைத்துக்கொண்டு நியாயம் பேசுகிறவரிடம் நான் என்ன சொல்ல முடியும்?

ஆகவே மாப்பிள்ளை, கெஞ்சிக் கேட்கவில்லை, உரிமையோடு கேட்கிறேன். பேசுகிறவன் யார், என்ன தொழில் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவனுக்கு எந்த நிமிடம், லிஃப்டைப் பராமரிக்கிற கட்டடக்காரனுக்கு எந்த நிமிடம் என்று போடுங்கள். நான் ஏதோ ஒரு இடத்தில் பழைய மோட்டாரின் வேகத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன், அதையும் திருத்தி எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, தடித்த விரல்காரனுக்கும் தெரிகிற மாதிரி, "மாமியாரைப் பற்றி மாமனார் நல்லபடியாகச் சொல்லும் இடம்" என்று நிமிடத்தோடு போடுங்கள். கீழே எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறீர்களே, எழுதாததால் கேட்கிறவர்கள் எல்லோரும் என் வாழ்க்கையில் தவறான மாடியில் இறங்குகிறார்கள். இருமல் பொறுக்கிய நேரத்தில் கால்வாசி போதும் இதற்கு. இன்னும் நாலு வார்த்தை இருக்கிறது, எழுதினால் மாப்பிள்ளை மாமனார் உறவுக்கு நல்லதல்ல.

நீங்களும் மகளும் எல்லா வளமும் பெற்று, வாய்விட்டுப் பேசிக்கொண்டு நீடூழி வாழ வேண்டும். மைக்குக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
மனம் திறந்து மாட்டிக்கொண்ட
உங்கள் மாமனார்

பி.கு.: இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பலாம் என்று ஜன்னல் வெளிச்சத்தில் மேஜைமேல் விரித்து வைத்துவிட்டு, போன் தேடப் போனேன். திரும்பி வந்தால் உங்கள் அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தில் இருக்கிறாள். "சைக்கிளை வெளியில எடுத்துட்டானா? மழை வந்தா நனையுமே" என்றாள். என்னிடம்தான், நேராக. "அந்தப் பிரேக்கு இடத்தை நீ கேக்கவே இல்லையே" என்று இழுத்தேன். "யாரு கேக்கல? அன்னிக்கே பின்னாடி ரூமுக்குப் போய் முழுசா கேட்டாச்சு. கிரீஸையெல்லாம் சகிச்சுக்கிட்டுத்தான் கேட்டேன். இப்ப நெனச்சா என் விரல் நேரா அந்த இடத்துல போய் நிக்குது" என்றாள். "அப்புறம் ஏன் என்கிட்ட பேசல?" "ஊருக்கெல்லாம் சொன்னதை வீட்டுல இருக்கறவகிட்ட எப்பதான் சொல்வீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்." வாயைத் திறந்தேன், மூடினேன். மறுபடி திறந்தேன். "மைக் வேணுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டேன். பாதியில் இருமல் வந்துவிட்டது, அதையும் பொறுத்துக்கொண்டு கேட்டாள்.

ஆகவே மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். கோர்ட்டாருக்கு அவளே போன் செய்து சத்தம் போட்டுவிட்டாள். பல் டாக்டருக்காக, லிஃப்டில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற இடத்துக்கு மட்டும் நிமிடம் போட்டுவிடுங்கள். உங்கள் அத்தையைப் பற்றிய இடத்துக்குத் தயவுசெய்து போடாதீர்கள். அது அவளாகத் தேடிக் கண்டுபிடித்து வைத்திருக்கிற இடம். வேறு யாரும் நேரே வந்து இறங்க வேண்டாம்.