நிர்வாகியின் கடவுச்சொல்

“எக்ஸ்ரே இன்னிக்கு வருமா, வராதா? இல்ல, தம்பியைக் கூப்பிடட்டுமா?” உள்ளறையிலிருந்து பல் டாக்டரம்மா குரல் கொடுத்தார்.

“உன் தம்பி எதுக்கு? நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல!” என்றார் கம்ப்யூட்டர் அறையில் இருந்த கணவர்.

மருத்துவமனையிலும் சரி, வீட்டிலும் சரி, டாக்டரம்மா வைத்ததுதான் சட்டம். கம்ப்யூட்டரில் மட்டும் கணவர்தான் நிர்வாகி. அவருடைய கடவுச்சொல் இல்லாமல் அதில் ஒரு துரும்பு அசையாது. அந்தப் பதவியும் மைத்துனன் கைக்குப் போய்விட்டால், மரியாதை என்று சொல்லிக்கொள்ள அவரிடம் மிச்சம் எதுவும் இல்லை.

போதாக்குறைக்கு, எக்ஸ்ரேவுக்காக வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது மாமியார். நாலு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்து, மாதக்கணக்காகிறது.

எக்ஸ்ரே மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினார். அது நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டது. தட்டினார். ஒரு புள்ளிகூட விழவில்லை.

“இப்பதான் நல்லா இருந்துச்சு, அதுக்குள்ள கீபோர்டு செத்துப்போச்சு” என்று தீர்ப்புச் சொன்னார். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வரவேற்பு மேசையிலிருந்த வயரில்லாத கீபோர்டைத் தூக்கிவந்தார்.

வரவேற்புப் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள். “சார், அது வந்து...”

“எல்லாம் எனக்குத் தெரியும்மா. நீ போய் வர்றவங்களைக் கவனி.” கதவைச் சாத்திக்கொண்டார்.

புதுக் கீபோர்டிலும் அதே கதைதான். வேறு வழியில்லாமல் மைத்துனனுக்கே போன் போட்டார்.

“அத்தான், அங்க கடவுச்சொல் தட்டினா ஒண்ணுமே தெரியாது. பக்கத்துல நிக்கிறவங்க பார்த்துடக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க. நம்பித் தட்டிட்டு என்டர் அடிங்க.”

“அது தெரியாமலா? உனக்குத் தெரியுதான்னு பார்த்தேன்” என்று போனை வைத்தார்.

தட்டினார். என்டர் அடித்தார். அசைவில்லை. அவசரத்தில் பிசகியிருக்கும் என்று எழுத்து எழுத்தாக நிதானமாகத் தட்டினார். என்டர். மறுபடியும் தட்டினார். திரை வாயே திறக்கவில்லை. ‘அடேயப்பா, என்ன பாதுகாப்பு! எமனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது’ என்று அவருக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையிலேயே இன்னும் இரண்டு முறை தட்டினார்.

கதவு திறந்தது. வரவேற்புப் பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“சார், அது வெளியில மாட்டியிருக்கிற பெரிய திரையோட கீபோர்டு. அடுத்து யாருன்னு பேர் போடுறது. நீங்க தட்டினதெல்லாம் அங்கதான் வந்துட்டிருக்கு.”

அவர் சட்டென்று கீபோர்டைக் கவிழ்த்து வைத்தார். அவளுக்குப் பின்னால், கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு மாமியார் நின்றிருந்தார்.

“‘அத்தை எப்ப ஊருக்குப் போவாங்க’ன்னு இத்தனை தடவை கேட்டிருக்கீங்களே மாப்பிள்ளை, பதிலை இங்கயே சொல்லட்டுமா, இல்ல திரையிலயே போடட்டுமா?”