'குளிர்' என்ற எழுத்தைப் படித்த ஐவர்

அச்சு இயந்திரத்துக்குப் பிறகு உலகில் நிகழ்ந்த மாபெரும் கல்விப் புரட்சி, எங்கள் இறால் ஏற்றுமதி நிறுவனத்தில், குளிர்கிடங்குக்குப் பக்கத்து அறையில், செவ்வாய்தோறும் மூன்று மணிக்கு நடந்தது. அதன் 'பயிற்சி ஒருங்கிணைப்பாளர்' என்ற முறையில் இதைத் தன்னடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

சீன வாடிக்கையாளர்களைக் கவர, ஊழியர்களுக்குப் படம் காட்டியே சீன எழுத்துகளைக் கற்பிப்பது என்று மேலாளர் முடிவெடுத்தார். எழுதிப் பழகும் தொல்லையே இல்லை. பெரிய திரையில் எழுத்துகள் ஆடும், நடக்கும், இருமும். 'குளிர்' என்ற எழுத்தில் ஓர் அதிகாரி நிற்பார். பக்கத்தில் இரண்டு பனித்துளி விழும். அவர் கிடுகிடுவென நடுங்குவார். மேலாளர், கணக்கர், தட்டச்சர், மெக்கானிக், நான் ஆகிய ஐவரும் வாயைப் பிளந்து பார்ப்போம். கிடங்குக் கதவின் உள்கைப்பிடி உடைந்து ஒரு மாதம் ஆகிறது. மெக்கானிக் அதைத் தொடவில்லை. கல்வியை நடுவில் விட்டுவிட்டு எழுந்து போவது முறையா?

இந்த ஆண்டு நிறுவனமே நம்பியிருந்த பெரிய ஆர்டரோடு ஒரு சீன வாடிக்கையாளர் வந்தார். நாங்கள் ஐவரும் வெளியே நிற்க, இறாலைப் பார்க்கக் கிடங்குக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. சற்று நேரத்தில் ஓர் அட்டையில் சீன மொழியில் எழுதி, கண்ணாடிச் சன்னலில் தூக்கிப் பிடித்தார். மேலே ஓர் எழுத்து, கீழே இரண்டு.

"என்னய்யா எழுத்து இது?" என்றார் மேலாளர்.

"எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு சார். ஆனா அசைய மாட்டேங்குதே!" என்றார் கணக்கர்.

"பொறுங்க, லோடு ஆகும்," என்றார் தட்டச்சர்.

பொறுத்தோம். மெக்கானிக் கண்ணாடியை விரலால் இரண்டு முறை தட்டிப் பார்த்தார். கால் மணி நேரம் போனது. வாடிக்கையாளரின் மூக்கு வெளுத்தது. கை நடுங்கியது. கையோடு அட்டையும் நடுங்கியது.

"அசையுது சார், அசையுது!"

"குளிர்!" என்று ஐவரும் ஒரே குரலில் கத்தினோம். கைதட்டினோம். மேலாளர் கண்கலங்கிவிட்டார். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. வாடிக்கையாளர் மட்டும் ஏனோ கண்ணாடியைக் குத்திக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கமாக வந்த லாரி ஓட்டுநர் திடுக்கிட்டு நின்றார். "மனுஷன் வெறைச்சுப் போறாரு! கதவைத் திறக்காம என்ன சார் வேடிக்கை?"

"மேல இருக்கிறதைப் படிச்சாச்சுப்பா," என்று பொறுமையாக விளக்கினேன். "கீழ இருக்கிற ரெண்டும் இன்னும் நடத்தாத பாடம்."

பாடத்திட்டத்தை மதிக்கத் தெரியாத அந்த ஆள் கதவைத் திறந்துவிட்டார். வாடிக்கையாளர் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு நேராகக் காரில் ஏறினார். ஆர்டரும் அவரோடு ஏறிப் போய்விட்டது.

மறுநாள் தலைமை அலுவலகத்துக்கு நான் அனுப்பிய அறிக்கை:

'குளிர் என்ற எழுத்தை ஐவரும் இனி ஆயுளுக்கும் மறக்க மாட்டோம். திரையைவிட, உயிருள்ள ஆளை வைத்துக் காட்டினால் மனதில் நன்றாகப் பதிகிறது என்று தெளிவாகியுள்ளது. அடுத்த பாடம் 'நெருப்பு'. ஒரு வாடிக்கையாளரை உடனே அனுப்பி வைக்கவும்.'