ஏழு அடுப்பு அரிசி

மல்லேஸ்வரம், பெங்களூர்
5-10-1960, புதன்கிழமை

சிரஞ்சீவி ஆராவமுதனுக்கு, அண்ணா கஸ்தூரிரங்கன் அநேக ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் க்ஷேமம். உங்கள் பசவனகுடி க்ஷேமத்தை உன் மன்னி ரமா, மார்க்கெட்டில் உன் அகத்துக்காரியைப் பார்த்து அவ்வப்போது விசாரித்துக்கொண்டு வந்துவிடுகிறாள். ஆகையால் பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம்.

பதினோரு வருஷம் கழித்து எழுதுகிறேனே, சமாதானத்துக்கு வருகிறேன் என்று நினைத்துவிடாதே. உன் பெண் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. போடாமல், இன்டரில் இரண்டு தடவை கோட்டடித்த உன் மச்சினன் பெயருக்குக் கீழே என்னை அச்சடித்ததை நான் மறக்கவில்லை. அம்மா காரியத்தின்போதுகூட, "எள்ளை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்கோ" என்று வாத்தியார் மூலமாகத்தானே பேசிக்கொண்டோம். இது வெறும் தகவல் கடிதம். நான் திருப்பதி போகப்போகிறேன். ஐம்பத்திரண்டு வயதில், முதல் தடவையாக.

முதல் தடவையாக ஆனது யாரால் என்று உனக்குத் தெரியும். எனக்கு விஷ ஜுரம் வந்தபோது அம்மா நேர்ந்துகொண்டாள்: புரட்டாசியில் ஏழு அடுப்பு அரிசி யாசித்து, மலைக்கு எடுத்துப்போய், முடி இறக்குவதாக. எனக்கு ஒன்பது, உனக்கு ஏழு. சாமராஜப்பேட்டைத் தெருவில் ஈர வேஷ்டியோடு, நாமம் போட்ட செம்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் போனோமே, ஞாபகம் இருக்கா? ராத்திரி பெய்த மழையில் தெரு முழுக்க மகிழம்பூ உதிர்ந்து கிடந்தது. "வேங்கடரமணா" என்று நான் கத்துவேன். "கோவிந்தா" என்று நீ சொல்ல வேண்டும். சரியான சமயத்தில் ஒரு தடவையாவது சொன்னாயா? உன் வாய் நிறைய, பெருமாளுக்கு யாசித்த பச்சரிசி! நீ தின்ற குற்றத்துக்கு மறுநாளே எனக்கு அம்மை போட்டுவிட்டது. எடுத்த டிக்கெட்டை அப்பா வீணாக்குவாரா? எனக்காக நேர்ந்ததற்கு உன் தலையை மொட்டை அடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தேன். யாரும் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தும், நீ ஜன்னல் கம்பி வழியாக லட்டுத் துண்டு ஒன்றை நீட்டினாய். அதில் உன் பல் பதிந்திருந்தது. அதையும் மறக்கவில்லை.

அப்புறம் அப்பாவுக்கு மாற்றல், எனக்குப் படிப்பு, உத்தியோகம். போகவே முடியவில்லை. அம்மா கடைசியில்கூட, "கஸ்தூரி, உன் வேண்டுதல் மலையிலே அப்படியே நிக்கறதுடா" என்றாள்.

சரி, இந்த வருஷம் தீர்த்துவிடுவோம் என்று, காட்பாடி வரை ஒரு ரயில், அங்கே மாறி இன்னொன்று, எந்த வரிசையில் எத்தனை மணி நேரம் நிற்பது என்று போய்வந்தவர்களைக் கேட்டு எல்லாம் குறித்து வைத்தேன். அரிசியைத்தான் யோசிக்கவில்லை. இந்தத் தெருவில் எனக்குப் பேச்சுவார்த்தை உள்ள வீடு ஒன்றுகூட இல்லை என்பது, போன சனிக்கிழமை செம்பும் கையுமாக வாசலில் இறங்கின பிறகுதான் உறைத்தது. எதிர்வீட்டு சீனிவாசராகவன், தென்னைமட்டைத் தகராறில் ஆறு வருஷமாக என் முகத்தில் முழிக்காதவர், கதவைத் திறந்து என்னைப் பார்க்காமல் செம்பைப் பார்த்தார். ரமா போட்டது தென்கலை நாமம், அவர் வடகலை. "ஓய், அதைக் கட்டைவிரலால மறைச்சுக்கும், போடறேன்" என்றார். மறைத்துக்கொண்டேன், பெருமாள் மன்னிக்கட்டும். அடுத்தது டீச்சர் காந்தா. அவள் வீட்டு டியூஷன் பிள்ளைகள் சத்தத்தைப் பற்றி கார்ப்பரேஷனுக்கு மூன்று மனு போட்டவன் நான். "ஏனு ஸ்வாமி, நீங்களா? இந்தத் தடவை கையிலே பேப்பர் இல்லையே!" என்று சிரித்துவிட்டு இரண்டு கை நிறையப் போட்டாள். மூலைவீட்டு ஓஸ்வால்ட், ஆபீஸில் எனக்கு ஐந்து வருஷம் ஜூனியராக இருந்து எனக்கு மேலே சூப்பரின்டெண்ட் ஆன மனுஷன். "என்ன மேன், எலெக்ஷனா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து போட்டார். அந்த அரிசி செல்லுமா என்று ரமாவைக் கேட்டேன். "உங்கம்மா அடுப்புன்னுதானே சொன்னா? அவா ஆத்துல மட்டும் என்ன, அடுப்பு எரியாமலா சாப்பிடறா?" என்றாள். பின் தெருவில் இரண்டு வீடு. கடைசியாக ரங்கா வீடு: மாமியார் கீழே, மருமகள் மாடியில், தனித்தனி அடுப்பு, ஆகவே இரண்டு.

ஆக மொத்தம் ஏழு. உன் வாசலில் வந்து நிற்க வேண்டிய அவசியம் எனக்கு ஏற்படவில்லை என்பதைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம். குழந்தைகள் எல்லோரும் தீர்க்காயுசாக இருக்கட்டும். உன் மச்சினனுக்குத் தனியாக ஒன்றும் சொல்வதற்கில்லை.

இப்படிக்கு,
எஸ். கஸ்தூரிரங்கன், பி.ஏ.

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது ரமா வந்து சொல்கிறாள், ரங்கா வீட்டு மாமியாரும் மருமகளும் போன மாசமே ராசியாகி ஒரே அடுப்பில் சமைக்கிறார்களாம். ஜனங்கள் இப்படியா திடீரென்று சமாதானமாவது? அடுத்தவன் வேண்டுதலை யோசிக்க வேண்டாமா? இப்போது ஆறுதான். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உன் வாசலுக்கு வருகிறேன். அரிசியை நீயே உன் கையால் போடு. "வேங்கடரமணா" என்று நான் கத்துவேன். இந்தத் தடவையாவது வாயில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் இரு.

கஸ்தூரி