எலுமிச்சம்பழத்தில் ஏறாத வேன்

எதையும் முக்கால்வாசியில் நிறுத்துவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. இந்தி, யோகா, டைப்ரைட்டிங், எல்லாம் அந்தக் கணக்கில்தான். நீச்சலும் அப்படித்தான் (கிணற்றின் நடுவில் நிறுத்தக்கூடாது என்று தாமதமாகத் தெரிந்தது).

அந்த வரிசையில் ஒரு வேனும் உண்டு. என்னைவிட வயதில் மூத்த டீசல் வேன். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த்தொட்டி எல்லாம் வைத்து இமயமலை வரை குடும்பத்தோடு போவதாகத் திட்டம். கட்டில் மட்டும் முடிந்தது. குழாய் இருந்தது, தண்ணீர் வர வழியில்லை. வலது பக்கம் நீல பெயின்ட், இடது பக்கம் துரு. சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் செங்கல் மேல் நிறுத்தியிருந்தேன். நிறுத்திய இடம், குன்றாண்டார்கோவில் பக்கத்தில் இருக்கும் என் மாமனார் வீட்டு வாசல்.

மூன்று வருஷம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொழுந்தியாள் கவிதாவுக்கு நிச்சயதார்த்தம் என்றதும் பிரச்சினை வந்தது. பந்தல் போட வேண்டிய இடத்தில் வேன் நிற்கிறது.

"சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள இது இங்க இருக்கக்கூடாது. இல்ல, நீங்க இருக்கக்கூடாது" என்றாள் என் மனைவி.

வலது பக்கத்தை மட்டும் படமெடுத்து விற்பனைக்குப் போட்டேன். கீரமங்கலத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் பேசினார். மனைவியோடு காசிக்குப் போகணுமாம். நேரில் வந்து இடது பக்கத்தையும் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஆனால் பேச்சு மாறாத மனுஷர். ஒரே நிபந்தனை, முகூர்த்த நாளில்தான் வண்டி எடுப்பாராம். வந்து வாய்த்த முகூர்த்த நாள், நிச்சயதார்த்த நாள். காலை ஆறு மணிக்கு அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டால் ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வரலாம். பந்தல்காரர் வேனைச் சுற்றியே கால் நட்டுவிட்டார்.

அதற்கு முந்தின சாயங்காலம்தான் சக்கரமே மாட்டினேன். கியர் ராடை வீடியோ பார்த்து நானே சேர்த்திருந்தேன். இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. ஓட்டிப் பார்க்கவில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, புரண்டுகொண்டே கிடந்தேன்.

வாத்தியார் சொன்ன நேரத்துக்கு வந்தார். அவர் மனைவி சந்தனம் குங்குமம் வைத்து, ரோஜா மாலை போட்டு, சூடம் காட்டினார். சக்கரங்களுக்கு முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. "நீங்களே ஏத்தி எறக்கிக் குடுத்துருங்க தம்பி" என்றார் வாத்தியார்.

முதல் கியர் போட்டேன். வேன் பின்னால் போனது. பதறிப்போய் பிரேக்கை மிதிப்பதற்குப் பதிலாக இன்னும் ஆக்சிலேட்டரை மிதித்தேன். பந்தல் கால் ஒன்று சாய்ந்தது, பின்சக்கரங்கள் சாக்கடைக்குழியில் இறங்கின, வேன் வாசலைப் பார்த்தபடி மூக்கைத் தூக்கி நின்றது.

எலுமிச்சம்பழங்கள் நாலும் வைத்த இடத்திலேயே இருந்தன. வாத்தியாரம்மா அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பழம் நசுங்கலையேங்க. வேணாங்க, நாங்க ரயில்லயே போய்க்கிறோம்."

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் நான் உட்காரவில்லை. டிராக்டர் வைத்திருந்த எல்லோருக்கும் போன் போட்டேன். முகூர்த்த நாள், எல்லோரும் ஏதோ ஒரு கல்யாணத்தில் இருந்தார்கள். வேனுக்கும் ரோட்டுக்குமாக இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தேன். மாலையைக் கழற்ற வேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பொட்டும் மாலையுமாக நின்ற வேன்தான் முதலில் வரவேற்றது. அவர்களில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்தார்.

"என்னங்க, மாப்பிள்ளைக்குச் சீரா?"

விலைபோகாத வண்டி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஆமாங்க" என்றுவிட்டேன்.

செய்தி இரண்டே நிமிஷத்தில் பந்தலைச் சுற்றி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நாங்க ஒரு குண்டூசி கேட்டமா? கேக்காதவனுக்கு ஓட்ட வண்டியக் குடுத்து அசிங்கப்படுத்துறீகளா? எந்திரிங்கப்பா, போவோம்."

தாம்பூலத் தட்டு அந்தரத்தில் நின்றது. மாமனாருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு பெண்ணின் கல்யாணம் என் ஒரு வார்த்தையால் கெடப்போகிறது என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உள்ளே இருந்து பட்டுப்புடவையோடு கவிதா வெளியே வந்தாள்.

"மாமா, அது சீர் இல்ல. எங்க அத்தான் வெளையாட்டுச் சாமான். மூணு வருசமா வாசல்லயே கெடக்கு. காலையில வாங்க வந்தவுகளும் ஓடிட்டாக. இப்ப ஒங்க தலையில கட்டப் பாக்குறாரு."

முதலில் மாப்பிள்ளைதான் சிரித்தார். அவர் அப்பா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார். தட்டு மாறியது. என் மானம் போனது, கல்யாணம் உறுதியானது. அன்று எனக்கு அது போதுமாக இருந்தது.

வேனைப் பிறகு பழைய இரும்புக்காரர் வந்து வெட்டி எடுத்துப் போனார். கதையை யாராலும் வெட்ட முடியவில்லை. போன மாதம் உறவில் ஒரு பெண்ணுக்குச் சம்பந்தம் பேச நார்த்தாமலை போயிருந்தோம். என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று மாப்பிள்ளையின் சித்தப்பாவைக் கேட்டோம்.

"பொண்ணக் குடுத்தாப் போதுங்க. மீறி ஏதாச்சும் குடுக்கணும்னா, முன்பக்கம் ஓடுறதாப் பாத்துக் குடுங்க. குன்றாண்டார்கோவில் பக்கம் ஒருத்தரு…"

அவருக்கு நான் யாரென்று தெரியாது. என் மனைவி எழுந்து நின்று அறிமுகம் செய்துவைத்தாள்.