மைக்செட்டு மாமுவின் மறுப்பு அறிவிப்பு

வடசென்னைக் காசிமேட்டில் பிறந்து, பேனாவைத் தொட்டதும் வேறு ஊர்க்காரர்களாகிவிடும் எழுத்தாளர்கள் அத்தனை பேரும் கோழைகள். முதல் கோழை நான்.

இதை எனக்கு உறைக்க வைத்தவர் மைக்செட்டு மாமு. டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரை அவர் குரலோடு போட்டி போட்டது கப்பல் சங்கு மட்டும்தான். அதுவும் பல நாள் தோற்றிருக்கிறது. கல்யாணமோ சாவோ, ஆட்டோ மேல் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். எழுதிக் கொடுத்ததைப் படிக்கமாட்டார். ஒரு கல்யாணத்தில் 'மணமக்களை வாழ்த்தியருள' என்று சீட்டு நீட்டினார்கள். அதைச் சுருட்டிக் காதைக் குடைந்துவிட்டு, "மாப்ள தோஸ்துங்கோ எல்லாம் டீக்கடைய வுட்டு உள்ள வாங்கப்பா, தாலி கட்டப் போறாங்கோ" என்றார்.

மீன்பிடி போட் வைத்திருந்த என் அப்பா இறந்தபோதும் தெருத்தெருவாகச் சொன்னவர் அவர்தான். "நம்ம போட்டுக்கார பாஸ்கரு பூட்டாரு. அவராண்ட கோச்சிகினு கீறவங்களும் வாங்க. இனிமே அவரு ஒண்ணியும் கேக்கமாட்டாரு." பன்னிரண்டு வருடம் எங்கள் வாசலை மிதிக்காத சித்தப்பா, செருப்பு போடாமல் ஓடிவந்தார்.

அதைக் கதையாக எழுதினேன். பத்திரிகையில் வந்தது. கதையில் மாமு, "திரு. பாஸ்கர் அவர்கள் இயற்கை எய்தினார். பகை மறந்து அனைவரும் வருகை தருக" என்கிறார். சலூனில் யாரோ அதை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலையே ஆட்டோ கிளம்பிவிட்டது. "ராயபுரம் ஜனங்களே! புக்குல எவனோ என் பேர்ல பேசிகினு கீறான். அது நான் இல்லபா! நான் அந்த மாதிரி ஆளே இல்ல!"

கடைசியில் என் ஜன்னலுக்கு நேராக இரண்டு ஸ்பீக்கரையும் திருப்பினார்.

"இன்னா நைனா, யாரு மாத்தினது?"

"பத்திரிகைக்காரங்க மாத்திட்டாங்க மாமு."

பொய். மாற்றியது நான்தான். கலீஜ் பாஷை என்று யாராவது சிரிப்பார்களோ என்ற பயம்.

மாமு மைக்கை அணைத்தார். பேச்சுக்கு நடுவில் அவர் அதை அணைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஜன்னலருகே வந்து மெதுவாகக் கேட்டார்.

"நீ எயுதின மாதிரி நான் கூவியிருந்தா, உன் சித்தப்பன் வந்திருப்பானா?"

பதிலை இப்போது சொல்கிறேன்: வந்திருக்கமாட்டார்.

இனி மாமுவுக்கு மட்டும்:

"மாமு, இந்த தபா நீ சொன்னத சொன்ன மாதிரியே எயுதிகீறேன். கரீட்டா இல்லியான்னு ஆட்டோ எட்த்துகினு வந்து ஊரு கேக்க சொல்லு. ஸ்பீக்கர என் ஜன்னலாண்டயே திருப்பு."