செத்துக் கிடந்த பதினாலு நாள்

முட்டம் போகிற பாதை,
மிஷன் ஆஸ்பத்திரி விடுதி,
12-3-1953

கர்த்தருக்குள் அன்பான மச்சான் ஜெயசிங் அவர்களுக்கு, அஞ்சுகிராமம் நெல் வியாபாரம் இஸ்ரவேல் மிகுந்த வந்தனத்தோடு எழுதுவது. இங்கே நானும் தங்கள் மருமகளாகிய என் மகள் ஜெபகுமாரியும் சுகம். நாகர்கோவிலில் தாங்களும் வீட்டாரும் அவ்வண்ணமே இருக்க ஜெபிக்கிறேன். கடிதத்தில் வீசுகிற பினாயில் வாடைக்குப் பயப்பட வேண்டாம். இங்கிருந்து வெளியே போகிற எதையும் அதில் காட்டித்தான் அனுப்புகிறார்கள்.

முதலில் நல்ல செய்தி. தாங்கள் சொன்னபடியே பிள்ளையின் நர்ஸ் படிப்பை நிறுத்தி, நாளைக் காலை முதல் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருகிறேன். தோவாளை மாப்பிள்ளை வீட்டாருக்குத் தைரியமாக வாக்குக் கொடுக்கலாம். "கண்ட ஆம்பிளை உடம்பைத் தொடுத பெண்ணு எங்களுக்கு வேண்டாம்" என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னது நியாயந்தான். போன அன்றே திரும்புகிறேன் என்று புறப்பட்டவன் பதினாலு நாளாக ஏன் வரவில்லை என்று தாங்களும் தங்கள் தங்கை நேசம்மாளும் கோபமாயிருப்பீர்கள். காரணம், நான் செத்துக் கிடந்தேன். பதற வேண்டாம், தினமும் காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை மட்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். கடற்கரை ஊர்களில் பெரியம்மை பரவிவிட்டதால் விடுதி வாசலைப் பூட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற சிஸ்டர் லீலாபாய் கம்பி வழியாக என் முகத்தை உற்றுப் பார்த்தார். "அண்ணாச்சி, ஒமக்கு அம்மை எப்பம் வந்தது?" என்றார். "ஏழு வயசுல" என்றேன். "நல்லா முத்திப் போட்டிருந்துதா?" "கண்ணு ரெண்டும் தப்பினதே பெரிசு." "ஸ்தோத்திரம்! உள்ள வாரும்" என்று பூட்டைத் திறந்துவிட்டார். இந்த அம்மைத் தழும்பு முகத்தைக் கண்டு சந்தோஷப்பட்ட முதல் மனுஷி அவர்தான், மச்சான். நான் பெண் பார்க்க வந்த அன்று தாங்கள் இதே முகத்தைப் பார்த்துவிட்டுக் காப்பியைத் தொடாமல் எழுந்து போனதை நான் சொல்லிக்காட்டவில்லை. ஞாபகம் வந்தது, எழுதினேன்.

உள்ளே போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. கடலில் முங்கினவனுக்கு மூச்சு வரவழைக்கிற பாடத்தில் பிள்ளைகளுக்கு அடுத்த மாதம் பரீட்சை. முங்கினவனைக் குப்புறப் போட்டு, தலைமாட்டில் முழங்காலிட்டு, முதுகை அழுத்தி, பிறகு இரண்டு முழங்கையையும் பிடித்துத் தூக்க வேண்டும். புதிதாக வந்திருக்கிற முறையாம். ஆனால் நோய் காலத்தில் ஒருத்தியை ஒருத்தி தொடக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. போதாததற்கு எல்லாருக்கும் தடுப்புக்கு அம்மை குத்தி, கை வீங்கிக் கிடக்கிறது, தூக்கினால் அலறுகிறார்கள். வைக்கோல் அடைத்த சாக்கைப் போட்டுப் படித்துப் பார்த்தார்களாம், அதற்கு விலா எலும்பு இல்லை. அப்போதுதான் இனி ஒருநாளும் அம்மை வராத நான் வாசலில் வந்து நின்றிருக்கிறேன். "உள்ள வந்தவரு பதினாலு நாள் கழியாம வெளிய போவ முடியாது. சும்மா இருக்கிற நேரத்துல கொஞ்சம் செத்துக் கெடக்கப்பிடாதா?" என்றார் சிஸ்டர். சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தேன்.

முதல் நாளே மானம் போயிற்று. முதலில் வாய்க்குள் விரலை விட்டு மண்ணோ பாசியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ராஜபாய் என்ற பிள்ளை என் கடைவாயிலிருந்து புகையிலையை எடுத்து எல்லாருக்கும் காட்டிவிட்டாள். புது வருஷ ஆராதனையில் அதை விட்டுவிட்டேன் என்றுதான் நேசம்மாள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், அப்படியே நினைக்கட்டும். ஒருத்தி அழுத்தும்போது "வலிக்கா மாமா?" என்று கேட்டாள், "இல்ல மக்ளே" என்றேன், "செத்த ஆளு பேசப்பிடாது!" என்று சிஸ்டர் அதட்டினார். விலாவில் கை பட்டதும் சிரித்தேன், செத்தவன் சிரிக்கவும் கூடாதாம். மூன்றாம் நாள் தூங்கிக் குறட்டை விட்டதில், அழுத்திக்கொண்டிருந்த பிள்ளை "உயிரு வந்துட்டு!" என்று துள்ளிக் குதித்தாள். ஒவ்வொருத்தி தொட்ட பிறகும் முதுகைப் பினாயில் தண்ணீரால் துடைத்ததில் தோல் உரிந்தது. ஆனால் பத்து வருஷ முதுகுவலி போய்விட்டது, அதை மறைப்பானேன்.

பிள்ளைகளுக்கு அவசரம்தான் பெரிய குறை. நிமிஷத்துக்குப் பன்னிரண்டு தடவை என்று புத்தகம் சொல்ல, இவர்கள் அம்மியில் மிளகாய் அரைப்பது போல அழுத்துவார்கள். குப்புறக் கிடந்தபடியே நான் சொன்னேன், "மக்ளே, களத்துல மரக்கால்ல நெல்லு அளக்கது கண்டிருக்கியளா? அளக்கவன் ஒண்ணுன்னு சொல்ல மாட்டான், லாபம்னு நீட்டிப் பாடுவான். அப்பிடி எண்ணுங்க." அன்றிலிருந்து "லாபம்ம்ம்" என்று அழுத்துவார்கள், "ரெண்டேய்ய்" என்று மறுபடி அழுத்துவார்கள். சிஸ்டர் கடிகாரத்தைப் பிடித்துப் பார்த்தார், அச்சாகப் பன்னிரண்டு. அடுப்படியில் இருந்தவர்கள் விடுதிக்கு நெல் வந்து இறங்குகிறது என்று சாக்கோடு ஓடி வந்தார்கள்.

எல்லாரும் தேறிவிட்டார்கள், நம் பிள்ளையைத் தவிர. ஜெபகுமாரி என் தலைமாட்டில் முழங்காலிடுவாள், கையை முதுகில் வைப்பாள், "எனக்க அப்பா இப்பிடிக் கெடக்கியளே" என்று அழுதுவிடுவாள். அவள் கண்ணீர் என் பிடரியில் விழும். பதினாலு நாளும் இதே கதை. நாங்கள் இருந்துவிட்டாலும் பரீட்சைக்கு என்னைத்தான் கிடத்துவார்கள், அங்கேயும் அழுதால் தோற்றாள். "இவளுக்கு இது ஒத்து வராது, கூட்டிட்டுப் போறதே நல்லது" என்று சிஸ்டரே நேற்றுச் சொல்லிவிட்டார். பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் மனசு கொஞ்சம் கஷ்டந்தான். ஆனாலும் தாங்கள் சொன்னதே சரி.

தங்கள் வீட்டில் சிறியோர் பெரியோர் யாவருக்கும் என் வந்தனம். ஆண்டவர் தங்கள் வாசலையும் களத்தையும் நோயணுகாமல் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் தங்கை புருஷன்,
இஸ்ரவேல்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது வாசலில் கூக்குரல். கடியப்பட்டணத்து ஆள் ஒருவர், கட்டுமரம் கவிழ்ந்து முங்கியவர். தோளில் தலைகீழாகப் போட்டுக்கொண்டு அத்தனை தூரம் ஓடி வந்திருக்கிறார்கள். டாக்டரும் சிஸ்டரும் அம்மை குத்தப் போயிருந்தார்கள். அந்த ஆளுக்கு அம்மை உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் தயங்கி நின்றார்கள். அம்மைக்குப் பயப்படாத எனக்கோ செத்துக் கிடக்கத்தான் தெரியும், உயிர் வரவழைக்கத் தெரியாது. பெட்டியை வைத்துவிட்டு ஜெபகுமாரி பூட்டைத் திறந்தாள். "மக்ளே, தொடாத!" என்று கத்தினேன், மச்சான். பெற்ற பயம், அப்படித்தான் கத்தினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவரைக் குப்புறப் போட்டு, தலைமாட்டில் முழங்காலிட்டு, "நீங்க எண்ணுங்கப்பா" என்றாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு லாபம் சொன்னேன். நூறு முடிந்து மறுபடி லாபம் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. இரண்டு நூறு தாண்டிய பிறகு அந்த ஆள் இருமினார், உப்புத் தண்ணீரைக் கக்கினார், கண்ணைத் திறக்காமலே "யாருல அது, இங்க நெல்லளக்கது?" என்று கேட்டார். ஜெபகுமாரி அழுதாளா என்று பார்த்தேன். இல்லை, நான்தான் அழுதேன்.

ஆகவே மேலே எழுதியதில் முதுகுவலி போனதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடவும். பெண் ஒரு ஆம்பிளையை ஊரறிய, அதுவும் இருபது நிமிஷம் தொட்டாள் என்று தோவாளைக்குச் சொல்லிவிடவும். கட்டின பெட்டியை அவள் அவிழ்த்துவிட்டாள். நோய் அடங்குகிறவரை என்னையும் இருக்கச் சொல்கிறார்கள். நேசம்மாளிடம் இரண்டு வேட்டி வாங்கி அனுப்பவும், நடுவில் கொஞ்சம் புகையிலை வைத்து. இத்துடன் முடிக்கிறேன், காலை எட்டு மணிக்கு நான் சாக வேண்டும்.